உலகம் ஒன்றுசேர எந்த வடிவம்? கடைமடையில் நின்று ஓர் ஒப்பீடு

மேலூரில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பதினான்கு பேர் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு டீக்கடை மாடியில் கூடுவோம். இரண்டு வருடமாகப் பேசியதில் ஓர் அரசியல் கொள்கையையே கற்பனையாகக் கட்டி எழுப்பிவிட்டோம். அதற்குக் கேளிரியம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பூங்குன்றனார் சொன்ன 'கேளிர்' என்ற சொல்லிலிருந்து எடுத்தது. அவருடைய ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி எங்களுக்குப் பக்கம்தான். கேளிரியத்துக்குக் கட்சி கிடையாது, கொடி கிடையாது. உலக நாடுகள் மக்களாட்சி முறையில் ஒன்றுசேர வேண்டும், போர், கடல், ஆறு, காற்று இவற்றைப் பற்றிய முடிவு ஏதோ ஒரு தலைநகரத்து அறைக்குள் மட்டும் எடுக்கப்படக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

இதுவரை சண்டை இல்லை. இப்போது ஒரு கல்லூரி மாணவர்கள் மாதிரி உலகப் பேரவை ஒன்று நடத்தப் போகிறார்கள், எங்கள் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்ததும் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டோம். 'ஒன்றுசேர வேண்டும்' சரி, எப்படி? ஐ.நா. சபையைச் சீர்திருத்தினால் போதும் என்கிறார்கள் நான்கு பேர். உலகக் கூட்டாட்சிதான் வேண்டும் என்கிறார்கள் ஐந்து பேர். உலகக் கூட்டமைப்பு என்கிறார்கள் மூன்று பேர். மீதி இரண்டு பேரில் நான் ஒரு ஆள். அடுத்த ஞாயிறு கைதூக்க வேண்டும். அதற்கு முன்னால் என் யோசனையை எழுதி வைக்கிறேன்.

கூட்டாட்சி, கூட்டமைப்பு இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். வேறுபாட்டை எனக்குப் புரியும்படி சொன்னவர் எங்கள் வட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர். "அண்ணே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். "சட்டம் யார் வீட்டுக் கதவைத் தட்டுதுன்னு பாருங்க" என்றார். கூட்டாட்சியில் மேலே போடுகிற சட்டம் நேராக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். கூட்டமைப்பில் அது உங்கள் அரசாங்கத்தின் கதவோடு நின்றுவிடும். அரசாங்கம் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கூட்டாட்சியில் உறுப்பு மாநிலம் பொதுவாக விலகிப் போக முடியாது. கூட்டமைப்பில் போகலாம். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் 'யூனியன்' என்ற சொல் ஏன் என்று விளக்கும்போது இதைத்தான் சொன்னார்: இந்தியக் கூட்டாட்சி மாநிலங்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு இல்லை, ஆகவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை இல்லை.

ஐ.நா.விலிருந்து தொடங்குகிறேன். அது ஏற்கனவே இருக்கிறது. அது அதன் பெரிய பலம். 193 நாடுகள் ஒரே கூரைக்குக் கீழ் உட்காருகின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டாம், இருப்பதைத் திருத்தினால் போதும் என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் திருத்துவதற்கான சாவியே பூட்டுக்கு உள்ளே இருக்கிறது. சாசனத்தின் 108வது பிரிவின்படி எந்தத் திருத்தத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் ஒப்புதல் தர வேண்டும், அதில் பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். வீட்டோவை, அதாவது அந்த ஐவரில் ஒருவர் மறுத்தாலே தீர்மானம் விழும் அதிகாரத்தை, எடுக்க வேண்டுமானால் வீட்டோ வைத்திருப்பவர்களே சம்மதிக்க வேண்டும். பாதுகாப்பு சபையை 11 இடத்திலிருந்து 15 ஆக்கிய திருத்தம் 1963இல் நிறைவேறி 1965இல் நடப்புக்கு வந்தது. அது சேர்த்தது வீட்டோ இல்லாத நான்கு நாற்காலிகளைத்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்த தீர்மானம் ரஷ்யாவின் ஒற்றைக் கையால் விழுந்தது. 2023 டிசம்பரில் காசாவில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா மட்டும் எதிர்ப்பு. அதுவும் விழுந்தது.

வீட்டோவைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட நாடுகளால் மட்டுமே முடியும். ஆளால் முடியாது. பொதுச்சபையில் உட்காருபவர்களை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை, அந்தந்த அரசாங்கம் அனுப்புகிறது. ராமேஸ்வரத்து மீனவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இலும் 1976இலும் இரண்டு தலைநகரங்கள் கடலில் கோடு போட்டன. இன்றுவரை அந்தக் கோட்டைத் தாண்டினால் கைது, படகு பறிமுதல். அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மீனவருக்கும் வேதனை உண்டு. நம் பக்கத்து இழுவைமடி விசைப்படகுகள் அவருடைய வலையையும் கடலின் அடியையும் வாரிக்கொண்டு போகின்றன. இருவரும் தமிழில் பேசுகிறவர்கள். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து உரிமையோடு பேச உலகத்தில் ஒரு நாற்காலி கிடையாது. அவர்களுக்காக டெல்லியும் கொழும்பும் பேசும், தங்களுக்குத் தோன்றும்போது.

ஐ.நா.வுக்குள்ளேயே மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்றை, 22வது பிரிவைப் பயன்படுத்தி, சாசனத்தைத் தொடாமலே அமைக்கலாம் என்று ஒரு யோசனை பல வருடமாக இருக்கிறது. பொதுச்சபை தனக்குத் துணை அமைப்புகளை உண்டாக்கிக்கொள்ள அந்தப் பிரிவு இடம் தருகிறது. நல்ல யோசனை. முதல் படியாக அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஆலோசனை மட்டும் சொல்லக்கூடிய சபையை ஒரு கொள்கையின் முடிவான வடிவம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இதற்கும் சுருக்கமான ஒரு வழியை வட்டத்தில் ஒருவர் சொன்னார்: உலக அமைப்பே வேண்டாம், ஆற்றுக்கு ஓர் ஒப்பந்தம், காற்றுக்கு ஓர் ஒப்பந்தம் என்று தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் போதும். சிந்து நதி ஒப்பந்தம் 1960இல் உலக வங்கியின் முயற்சியில் கையெழுத்தானது. மூன்று போர்களைத் தாண்டி நின்றது. அதையே 2025 ஏப்ரலில் நிறுத்தி வைப்பதாக இந்தியா அறிவித்தது. பஹல்காமில் நடந்த கொலைகளுக்குப் பின் நாட்டில் இருந்த கோபம் எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒப்பந்தம் என்றால் இவ்வளவுதான் என்று அது காட்டிவிட்டது. ஒரு கை விலகினால் தாள் மட்டும் மிச்சம். இந்த வழியை இதோடு விடுகிறேன்.

கூட்டாட்சியின் பக்கம் இருக்கும் பலத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, வயலில் பார்த்தேன். அப்பா மேலூர்ப் பக்கம் கடைமடை விவசாயி. பேரணையிலிருந்து வரும் பெரியாறு கால்வாய் கள்ளந்திரி வரைக்கும் இருபோகத்துக்குப் பாயும், சுமார் 45,000 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர், தனிக் கால்வாயில் திருமங்கலம், இரண்டும் ஒருபோகம், சேர்த்து சுமார் 1,05,000 ஏக்கர். தலைமடைக்கு இரண்டு போகம், கடைமடைக்கு ஒன்று, அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். அந்தத் தண்ணீர் பிறப்பது கேரளத்து இடுக்கியில். 1886இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையில் 999 வருடக் குத்தகை, 1895இல் முல்லைப் பெரியாறு அணை. கையெழுத்துப் போட்ட இருவரும் சமபலம் உள்ளவர்கள் இல்லை. அணைக்குக் கீழே குடியிருப்பவர்களையும் யாரும் கேட்கவில்லை, கடைமடைக்காரர்களையும் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2006 பிப்ரவரியில் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் அதைத் தடுக்கும் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது, அணையைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் குழுவையும் அமைத்தது. அந்த நவம்பரில் 35 வருடம் கழித்து தண்ணீர் 142 அடியைத் தொட்டது. அன்று அப்பா ரேடியோவை அணைக்கவே இல்லை. அணைக்குக் கீழே வாழும் கேரளத்து மக்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நூறு வருடம் தாண்டிய அணைக்குக் கீழே என் பிள்ளை தூங்கினால் நானும் பயப்படுவேன். ஆனால் இரண்டு மாநிலம் இத்தனை கோபத்தோடு மோதியும், படை திரளவில்லை, எல்லையில் துப்பாக்கி வெடிக்கவில்லை. வக்கீல்கள் வாதாடினார்கள், தீர்ப்பு வந்தது, பிடிக்காதவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் மேலே ஒரு நாற்காலி இருந்ததால்தான் இது முடிந்தது. உலகத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று என் நண்பர்கள் ஐந்து பேர் கேட்பதில் என்ன தவறு?

அந்தக் கனவுக்கு நம் நாட்டிலேயே வேர் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் நிறைவேறிய வெள்ளையனே வெளியேறு தீர்மானத்தில், உலகத்தின் அமைதிக்குச் சுதந்திர நாடுகளின் உலகக் கூட்டாட்சி தேவை என்று எழுதியிருக்கிறது. ஜெயிலுக்குப் போகத் தயாராக உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் நாட்டின் விடுதலையைக் கேட்ட அதே தாளில் உலகத்தையும் சேர்த்து நினைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இருந்தும் உலகக் கூட்டாட்சிக்கு என் கை எழவில்லை. முதல் காரணம் எண்ணிக்கை. ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் இந்தியாவும் சீனாவும் சேர்ந்து உலகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்தப் பயத்தைத் தமிழ்நாட்டுக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். மக்களவையின் 543 இடத்தில் நமக்கு 39. 1971 மக்கள்தொகைக் கணக்கோடு மாநிலங்களின் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டது, 1976இல் ஒரு திருத்தம், 2001இல் இன்னொன்று. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் அதற்காகவே குரலை இழக்க வேண்டுமா என்று நாம் கேட்கிறோம். அதே கேள்வியை நாளைக்கு இலங்கையும் பூட்டானும் நம்மைப் பார்த்துக் கேட்கும். நாம் டெல்லியிடம் கேட்கும் நியாயத்தை நம்மைவிடச் சின்னவர்களுக்குக் கொடுக்க மறுத்தால் கேளிர் என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லை.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் பெரிது. மேலூரிலிருந்து திருவாதவூர் போகிற வழியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. என்னோடு படித்த ஒரு பெண் அங்கிருந்து வந்தவள். அவளுடைய அம்மா கைக்குழந்தையாக இவளைத் துணியில் சுற்றிப் படகில் வந்து ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊரின் கரையில் இறங்கியவர். 1983க்குப் பிறகு அப்படி வந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். கோடு போட்ட கடல் மீனவருக்குச் சிறை. அதே கோடு இந்த அம்மாவுக்கு உயிர். அந்தப் பக்கத்து அரசின் கை இந்தப் பக்கத்துக்கு நீளாது என்பதுதான் அவரைக் காப்பாற்றியது. உலகம் முழுக்க ஒரே அரசு, ஒரே படை, ஒரே போலீஸ் என்று வந்து, அந்த அரசு ஒரு நாள் கெட்டவர்கள் கையில் சிக்கினால், படகை எந்தக் கரைக்கு ஓட்டுவது? மண்டபம் என்று ஒரு கரை இருக்காது. கூட்டாட்சிக்காரர்களிடம் இதை மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "அரசியல் சட்டத்தில் பாதுகாப்பு எழுதிக்கொள்வோம்" என்கிறார்கள். எழுதிய சட்டம் எத்தனை நாட்டில் ஒரே இரவில் நிறுத்தி வைக்கப்பட்டது என்று நமக்குத் தெரியும். 1975 நெருக்கடி நிலையில் நாமே பார்த்தோம்.

அப்படியானால் கூட்டமைப்பா? அதன் பலவீனத்துக்குப் பழைய சாட்சி அமெரிக்காதான். 13 மாநிலங்கள் 1781இல் கூட்டமைப்பாகத்தான் சேர்ந்தன. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு, மத்திக்கு வரி போடும் அதிகாரம் இல்லை, உடன்படிக்கையைத் திருத்த 13 பேரும் சம்மதிக்க வேண்டும். போர்க் கடனை அடைக்க இறக்குமதிக்கு ஐந்து சதவீத வரி கேட்டார்கள். 12 பேர் சரி என்ற நிலையில் ரோட் தீவு என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுத்தது. வரி செத்தது. 1787இல் புது அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தும் 1847இல் ஒரு சின்ன உள்நாட்டுப் போரைப் பார்த்துவிட்டு 1848இல் கூட்டாட்சிக்கு மாறியது, பெயரில் மட்டும் இன்னும் கூட்டமைப்பு இருக்கிறது. இதைக் காட்டி, கூட்டமைப்பு என்பது நிலைக்காத வடிவம், ஒன்று உடையும் அல்லது கூட்டாட்சியாகும் என்று சொல்லுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தைப் பார்த்த பிறகு அப்படி அடித்துச் சொல்ல முடியாது. 1979 முதல் அதன் நாடாளுமன்றத்துக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். இப்போது 720 இடம். ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. மால்டாவில் ஏறக்குறைய 90,000 பேருக்கு ஓர் உறுப்பினர், ஜெர்மனியில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் ஓர் உறுப்பினர். சின்னவருக்கு எடை கூடுதல், ஆனாலும் பெரியவர் பெரியவர்தான். பிரிட்டன் போக வேண்டும் என்று 2016இல் ஓட்டுப் போட்டது, 2020 ஜனவரி 31 அன்று போய்விட்டது. ஒரு தோட்டா சுடவில்லை. போக முடியும் என்ற கதவு திறந்திருந்ததால் வீடு இடியவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். வட்டத்தில் இதற்கு எதிர்ப்பு உண்டு.

இவ்வளவு சொல்லியும் வெறும் கூட்டமைப்புக்கும் நான் கைதூக்க மாட்டேன். ஏன் என்று சொல்ல எங்கள் கண்மாய்க்குப் போக வேண்டும்.

கால்வாய்த் தண்ணீர் முதலில் கண்மாய்க்கு வரும், அங்கிருந்து மடை வழியாக வயலுக்கு. யாருக்கு எவ்வளவு என்று பார்த்து விடுகிறவர் நீர்பாய்ச்சி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் மடைக்கு இருந்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் இரவெல்லாம் மம்பட்டியோடு வரப்பில் நடப்பார். வயலுக்குள் இறங்கி நிற்பார். கணுக்கால் மூழ்கினால் வாமடையை மண் வைத்து அடைத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார். பெரிய வயல்காரர் வரப்பில் நின்று "இன்னும் கொஞ்சம் விடப்பா" என்பார். அவர் பதிலே சொல்ல மாட்டார், மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டே இருப்பார். அடுத்த வயல் காய்ந்துகொண்டிருக்கும், அவர் பார்வை அதன் மேலேயே இருக்கும். ஒரு முறைகூட அவர் கணக்கில் யாரும் குறை கண்டதில்லை. அந்த ஆயக்கட்டில் அவருக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது. அதனால்தான் அவரை நம்பினார்கள். கூலி, அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இத்தனை படி நெல்.

உலகத்துக்கு ஒரு நடுவர் வேண்டும் என்று யார் பேசினாலும் எனக்கு அந்தக் கணுக்கால்தான் ஞாபகம் வரும். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் ஊர்க்கூட்டம் நடக்கும். தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பது, எந்த மடைக்கு முதலில் என்றெல்லாம் அங்கேதான் முடிவாகும். நீர்பாய்ச்சி கூட்டத்துக்கு வருவார், தள்ளி நிற்பார், துண்டு இடுப்பில் இருக்கும். உட்கார இடம் கிடையாது. அவர் தலித். எங்கள் அப்பாவைவிட மூத்தவரை ஊரே ஒருமையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஏழு வயதில் நானும் கூப்பிட்டேன். அதை நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஊர்கள் சேர்ந்த கூட்டமைப்பு எப்படி இருக்கும் என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. இங்கே 'நாடு' என்ற சொல்லுக்கே ஊர்களின் கூட்டு என்றுதான் அர்த்தம். பல ஊர்கள் சேர்ந்து ஒரு நாடு, அதற்கு அம்பலங்கள் என்ற தலைவர்கள், கூடிப் பேசி முடிவு. அதில் அழகு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் வீட்டு விஷயத்தில் தானே ராஜா என்றால், அந்த ஊருக்குள் மிதிபடுகிறவன் எங்கே போவான்? மேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேலவளவு. 1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் நின்று வென்ற முருகேசன் 1997 ஜூனில் மேலும் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் பத்து வருடம் தலைவர் பதவி நிலைக்கவே விடவில்லை. மனு போட ஆள் வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்த இடஒதுக்கீட்டை எந்த ஊர்க்கூட்டமும் கொடுக்கவில்லை. 73வது அரசியல் சட்டத் திருத்தம் மேலேயிருந்து கொடுத்தது. ஊரின் சம்மதத்துக்காகக் காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்போம். அம்பேத்கர் அதே 1948 உரையில் கிராமத்தை விட்டுவிட்டு தனி மனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக வரைவு அரசியல் சட்டத்தைப் பாராட்டினார். டெல்லியில் சொன்னாலும் மேலவளவைப் பார்த்துச் சொன்னது போல இருக்கிறது எனக்கு.

ஆக, என் கேள்வி இப்படி ஆகிவிட்டது: தப்பி ஓட ஒரு கரையும் வேண்டும், தன் ஊரும் தன் நாடும் கைவிட்டவருக்கு மேலே தட்ட ஒரு கதவும் வேண்டும். கூட்டாட்சி கதவைக் கொடுக்கிறது, கரையை எடுத்துக்கொள்கிறது. கூட்டமைப்பு கரையை விட்டுவைக்கிறது, கதவைத் தருவதில்லை. ஐ.நா.வில் கரை உண்டு, கதவு இல்லை, சண்டையைத் தீர்க்கும் நடுவருக்கும் ஐந்து பேர் கை போட்டு மறித்திருக்கிறார்கள்.

கதவு உள்ள கூட்டமைப்பு சாத்தியமா? ஓரளவுக்கு அது நடந்துகொண்டே இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1959 முதல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. 46 நாடுகள் அதன் கீழ் வருகின்றன. அவை கூட்டாட்சி கிடையாது, தனித்தனி நாடுகள், தனித்தனிப் படைகள். ஆனால் தன் நாட்டில் எல்லா நீதிமன்றத்தையும் தட்டிப் பார்த்துத் தோற்ற ஒரு தனி ஆள், தன் நாட்டின் மேலேயே அங்கே வழக்குப் போடலாம். 1998இலிருந்து நடுவில் யாரும் இல்லாமல் நேராகவே போகலாம். தீர்ப்பைச் சில நாடுகள் இழுத்தடிக்கின்றன, ரஷ்யா 2022இல் அந்த அமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டது. குறைகள் இருக்கின்றன. இருந்தாலும் என் நீர்பாய்ச்சிக்கு உட்கார ஒரு நாற்காலி அந்த அமைப்பில் இருக்கிறது, அவரே மனுதாரராக.

அதனால் நான் கைதூக்கப் போவது கூட்டமைப்புக்கு, ஆனால் மூன்று விஷயத்தை அறிக்கையிலேயே எழுதினால் மட்டும். இந்தத் தனி ஆள் வழக்கு உரிமை முதலாவது, அதில் பேரம் கிடையாது. நாடு விலகிப் போகலாம், ஆனால் விலகும் அறிவிப்புக்கு முன் போட்ட வழக்குகளிலிருந்து அது தப்ப முடியாது என்றும் எழுத வேண்டும்.

இரண்டாவது, இரண்டு சபை. ஒன்றில் நாட்டுக்கு ஒரு ஓட்டு. இன்னொன்றுக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ஆள் அனுப்ப வேண்டும். அதில் இடங்களை மக்கள்தொகையின் வர்க்கமூலத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1946இல் காட்டிய கணக்கு இது. நான்கு மடங்கு மக்கள் இருந்தால் இரண்டு மடங்கு எடை. இந்தியாவில் 140 கோடி, இலங்கையில் 2.2 கோடி என்று வைத்துக்கொண்டால் தலைக்கணக்கில் நமக்கு 64 மடங்கு கூடுதல் வரும். வர்க்கமூலத்தில் எட்டு மடங்குதான். பத்தாயிரம் பேர் வாழும் துவாலு என்ற தீவு நாட்டுக்கு நம்மோடு ஒப்பிட்டால் 374இல் ஒரு பங்கு. நூறு கோடியைத் தாண்டிய நாட்டில் பிறந்த நான் இதைச் சொல்வது எங்கள் வட்டத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம எடையை நாமே குறைச்சுக்கணுமா?" என்று கேட்டார் ஒரு அக்கா. நமக்கு 39 இடம் குறையக் கூடாது என்று நேற்று அதே அக்காதான் பேசினார். அதை நான் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, எட்டு மடங்கு போதும்" என்றார்.

மூன்றாவது, வீட்டோ யாருக்கும் இல்லை, ரோட் தீவுக்கும் இல்லை. பெரிய முடிவுகளுக்கு இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு. சுவிட்சர்லாந்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த மக்களில் பெரும்பான்மையும் வேண்டும், கேன்டன்கள் என்ற அதன் மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும். அந்த வழக்கத்திலிருந்து எடுத்தது. வரி பற்றி எங்களுக்குள் இன்னும் தெளிவு வரவில்லை. ஆனால் நாடுகள் மனம் வந்தால் தருகிற சந்தாவில் மட்டும் ஓட்டினால் 1781இன் கதிதான். கடலுக்கு மேலேயும் வானத்திலும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத வழியில் போகிற கப்பலுக்கும் விமானத்துக்கும் சின்ன வரி என்று எழுதலாம் என்று நினைக்கிறேன்.

படை பற்றி மட்டும் எனக்கே பதில் முழுசாக இல்லை. தீர்ப்பை மதிக்காத பெரிய நாட்டை யார் மதிக்க வைப்பது? 2014 தீர்ப்பை இரண்டு மாநிலமும் ஏற்றதற்குக் காரணம் பயமா, பழக்கமா என்று யோசித்தேன். டெல்லி படை அனுப்பும் என்று யாரும் பயந்ததாக எனக்குத் தெரியவில்லை. அறுபது வருடம் ஒரே நீதிமன்றத்துக்குப் போய்வந்த பழக்கம்தான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. உலகத்துக்கு அந்தப் பழக்கம் வர எத்தனை வருடம் ஆகுமோ. அதுவரைக்கும் உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து வியாபாரத்தை நிறுத்துவது ஒன்றுதான் கூட்டமைப்பின் கையில் இருக்கும் மம்பட்டி. இதைக் கூட்டாட்சி நண்பர்கள் பலவீனம் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியைத் திருவாதவூர் முகாமிலிருந்து வந்த என் தோழிக்காக ஏற்றுக்கொள்கிறேன்.

ஞாயிறு நான்கு மணிக்குக் கூட்டம். அவளையும் வரச் சொல்லியிருக்கிறேன். வட்டத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் கைதூக்கும் முன் அவள் பேசட்டும் என்று கேட்டிருக்கிறேன், எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் மடையில் இருந்த நீர்பாய்ச்சி இப்போது உயிரோடு இல்லை. அவருடைய பேத்தி மதுரையில் சட்டம் படிக்கிறாள். தனி ஆள் வழக்கு உரிமையைப் பற்றிய அந்த முதல் விதியின் வாசகத்தை அவள்தான் எழுதித் தருகிறாள்.